சீன நகரிற் குடியேறுவோர் எப்பகுதியில் வீடு கொள்வது?

(பண்ணைக்காட்டில் கூடிய நம் சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். வாழையும் காப்பியும் விளையும் இம்மலைச் சரிவில் அமர்ந்துகொண்டு, சீன தேசத்தில் எந்தத் தெருவில் வீடு பிடிப்பது என்று ஆராய்வானேன் என்று கேட்கலாம். ஆனால் வியாபாரத்தின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் நம் பிள்ளைகள் தூரதேசம் செல்லும் காலம் இது. 2020ஆம் ஆண்டில் நின்றுபோன இந்திய சீன நேர் விமானப் போக்குவரத்து 2025ஆம் ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவிலிருந்து குவாங்சோ நகருக்கு மீண்டும் தொடங்கியது. நம் பாட்டனார் காலத்தில் கான்டன் என வழங்கிய நகரமே அது. ஆதலின் அந்நகரையே உதாரணமாகக் கொண்டு பேசுகின்றேன்.

தமிழர் சீனத்திற் குடியிருத்தல் புதிதன்று. சுவான்சோ என்னும் துறைமுகப் பட்டினத்தில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. மங்கோலியப் பேரரசரான கானின் நலத்தின் பொருட்டு அங்கே சிவபெருமானை எழுந்தருளுவித்த செய்தியை அது கூறுகின்றது. ஆயினும், பழங்காலத்தில் அயல்நாட்டு வணிகர் தமக்கென அமைந்த பகுதியிலேயே வாழ்ந்தனர். குவாங்சோ நகரிலும் தாங் வம்சத்து அரசர் காலத்தில் அத்தகைய பகுதி இருந்தது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் கவலை அன்று பெரிதாக இல்லை. இன்றோ, நகரின் பெரும்பாலான பகுதிகளில் நாம் விரும்பியவாறு வாடகைக்கு வீடு கொள்ளலாம். உரிமை வந்தவிடத்துப் பொறுப்பும் உடன் வருகின்றது.

நம்மவர் மலையிலிருந்து வத்தலக்குண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ இறங்கிக் குடியேறும்பொழுது முதலிற் கேட்பது, “அங்கே நம்மவர் யார் இருக்கிறார்கள்?” என்பதாகும். இரண்டாவதாகக் கேட்பது, “அலுவலகத்துக்கு எவ்வளவு தூரம்?” என்பது. இவ்விரண்டும் வேண்டிய வினாக்களே. ஆனால் இவற்றுக்கு முன் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. அஃதாவது, அவ்வீட்டில் பகல் முழுவதும் இருக்கப்போகின்றவர் யார்? சம்பாதிப்பவர் காலையிற் போய் இரவில் வருகின்றார். மனைவியும் குழந்தையும், சில மாதம் தங்கவரும் தாய் தந்தையருமே அத்தெருவில் வாழ்கின்றவர்கள். அவர்கள் துணையின்றி நடந்து சென்று காய்கறி வாங்கவும், மருந்து வாங்கவும், குழந்தையை விளையாடவிடவும் இயலுமாயின் அதுவே நல்ல பகுதி. இயலாதாயின், எத்துணை உயர்ந்த மாளிகையாயினும் அது பெண்களுக்குச் சிறையே. நான் சொல்ல வந்தது முழுவதும் இதற்குள் அடங்கும்.

இனி அந்நகரின் பகுதிகளைச் சற்றே நோக்குவோம். யுவேசியூ என்பது பழைய நகரம். அதிலுள்ள சியாவ்பெய் என்னுமிடத்தில் ஆப்பிரிக்கரும் அராபியரும் பிற நாட்டு வணிகரும் நெடுங்காலமாகப் பழகி வருகின்றனர். அயல்நாட்டுச் சாப்பாட்டு விடுதிகளும் உண்டு. ஜவுளி, ஆடை மொத்தச் சந்தைகளுக்கு அருகாமையானது. தனியே செல்லும் வியாபாரிக்கு உகந்தது. ஆனால் பழைய கட்டடங்கள் பலவற்றில் ஏழெட்டு மாடி இருந்தும் லிப்டு இல்லை. முழங்கால் நோவுடைய தாயாரை அழைத்துச் செல்ல எண்ணுவோர் இதனை முன்னரே விசாரிக்கவேண்டும்.

தியான்ஹே பகுதியிலுள்ள சூஜியாங் புதுநகரம் வானளாவிய அலுவலகங்கள் நிறைந்தது. சுத்தமானது, சுரங்க ரயில் அருகிலுண்டு, வாடகையோ மிக அதிகம். அதே தியான்ஹேயில் ஷிபாய் முதலிய நகர்க்கிராமங்களும் இருக்கின்றன. முன்பு வயல் சூழ்ந்திருந்த ஊர்களை நகரம் வளைத்துக்கொண்டதால் உண்டானவை அவை. எதிரெதிர் வீட்டார் சன்னல் வழியே கை குலுக்கலாமென்னும்படி நெருங்கியிருப்பதால், சீனர் அவற்றைக் ‘கைகுலுக்கும் கட்டடங்கள்’ என்கின்றனர். வாடகை மலிவு, வெளிச்சமும் காற்றும் அதனினும் மலிவு. குடும்பத்தோடு செல்வோர்க்கு அவை ஆகா.

தெற்கேயுள்ள பான்யூவில், மதில் சூழ்ந்து, தோட்டமும் கடைகளும் உள்ளடங்கிய பெருங் குடியிருப்புக்கள் உள்ளன. குழந்தைகளுக்கு நல்லவை. ஆனால் அங்கிருந்து தியான்ஹே செல்லும் மூன்றாம் எண் சுரங்க ரயில், கூட்ட நெரிசலுக்குப் பேர்போனது. ஆதலின் காலை எட்டு மணிக்கு ஒருமுறை அதில் தாமே பயணஞ் செய்து பார்த்த பின்னரே ஒப்பந்தத்தில் கையொப்பமிடுக. குழந்தைகளை வெளிநாட்டார் பள்ளியிற் சேர்ப்போர், பள்ளிப் பேருந்து எத்தெருவரை வருகின்றது என்பதை அறிந்து, பின்னர் வீடு தேடுக. வீட்டை முதலிற் பிடித்துவிட்டுப் பள்ளியைத் தேடுதல், விதைத்த பின்பு நீரூற்றைத் தேடுவது போன்றது.

வீடு பார்க்கச் செல்லுங் காலமும் முக்கியமானது. 1957ஆம் ஆண்டு தொடங்கிய கான்டன் வர்த்தகச் சந்தை ஆண்டுதோறும் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் கூடுகின்றது. அந்நாட்களில் விடுதி வாடகை ஏறிவிடும். அதனைத் தவிர்த்துச் சென்று, சில வாரம் விடுதியிலோ குறுகியகால வாடகை வீட்டிலோ தங்கி, பகுதிகளைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்தல் நலம். ஆழமறியாமற் காலை விடலாகாதன்றோ?

சட்டம் ஒன்றையும் நினைவிற் கொள்க. 2013ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறையிலுள்ள அந்நாட்டுக் குடிவரவுச் சட்டப்படி, விடுதியல்லாத வீட்டில் தங்கும் அயல்நாட்டார் 24 மணி நேரத்திற்குள் அப்பகுதிப் போலீஸ் நிலையத்திற் பதிவு செய்யவேண்டும். தவறினால் எச்சரிக்கையோடு 2000 யுவான் வரை அபராதமும் விதிக்கலாம். இப்பதிவுக்கு வீட்டுக்காரருடைய ஒத்துழைப்புத் தேவை. அவர் பத்திர நகல் தர மறுத்தாலோ, “பதிவெல்லாம் வேண்டாம்” என்று தரகர் சொன்னாலோ, அவ்வீட்டை அக்கணமே விட்டுவிடுக. அங்கே தரைத்தளமே முதலாம் மாடி எனப்படும் என்பதையும் அறிந்து ஒப்பந்தத்தைப் படிக்கவேண்டும்.

மலைவாசிகளாகிய நாம் குளிருக்கு அஞ்சாதவர்கள் என்று பெருமை கொள்வதுண்டு. ஆனால் சீனக் குளிர் பலவகை. சின்லிங் மலைக்கும் ஹுவாய் நதிக்கும் வடக்கேயுள்ள நகரங்களில் குளிர்காலத்தில் வீடுதோறும் குழாய் வழியே பொதுவெப்பம் தருகின்றனர். அதற்குத் தெற்கேயுள்ள ஷாங்காயில் அவ்வழக்கம் பொதுவாக இல்லை. ஆகவே பீக்கிங்கின் உறைபனியினும் ஷாங்காயின் ஈரக்குளிர் வீட்டினுள்ளே மிகுதியாக வருத்தும். குவாங்சோவிலோ பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தெற்கிலிருந்து ஈரக்காற்று மீண்டு வரும், குளிர்ந்திருந்த சுவரும் தரையும் வியர்க்கும், துணி உலராது, பூஞ்சணம் பூக்கும். மூடுபனியில் நனைந்த துணியை நாட்கணக்கில் உலர்த்தும் நம் தாய்மாருக்கு இதன் துன்பத்தை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. தரைத்தளத்தில் இத்துன்பம் மிகுதி. உயர்ந்த தளமும் வெயில் படும் சன்னலும் வேண்டும்.

சமையலைப் பற்றி அஞ்சுவோர்க்கு ஒரு நற்செய்தி. குவாங்சோவின் காய்கறிச் சந்தைகளில் பாகல், பீர்க்கு, வெண்பூசணி, தண்டங்கீரை, சேப்பங்கிழங்கு யாவும் கிடைக்கும். ஆகவே இந்தியக் கடைக்கு அருகில் வீடு தேடுவதினும், சந்தைக்கு அருகில் தேடுவது மேல். பருப்பையும் புளியையும் மாதம் ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளலாம்; கீரையை அவ்வாறு வைக்க இயலாது.

முடிவாக, “நம்மவர்” என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. சங்கத்தார் முன்னிலையில் இதைச் சொல்லுதல் என் கடமை. சீனருக்கு நாம் எக்குலத்தவர் என்பது தெரியாது; அறியவேண்டிய அவசியமுமில்லை. அங்கே தெலுங்கரும் மலையாளிகளும் குஜராத்திகளும் நமக்கு நம்மவராகின்றனர். நள்ளிரவில் குழந்தைக்குச் சுரம் கண்டால் அடுத்த கதவுக்குரிய சீனப் பாட்டியே நம்மவர். நம்நாட்டார் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் தூரத்தில் இருத்தல் மனத்துக்குத் தெம்பு; அவர்களுக்குள்ளேயே அடைந்து கிடத்தலோ, சீன மொழி ஒரு சொல்லும் அறியாது, மருந்துக்கும் கணவன் வருகையை எதிர்நோக்கும் நிலையை உண்டாக்கும். சீன மொழியில் நூறு சொற்களையேனும் இங்கேயே கற்று, அங்கே சந்தையில் தாமே பேசி வாங்கும் பெண்மணிக்கு அந்நகரம் விரைவில் சொந்த ஊராகும்.

ஆகையால் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். வெளிநாடு சென்று திரும்புவோர், எப்பகுதியில் தங்கினர், வாடகை எவ்வளவு, முன்பணம் திரும்பக் கிடைத்ததா, பள்ளியும் வைத்தியசாலையும் எவ்வளவு தூரம் என்பவற்றை எழுதி வைக்க ஒரு குறிப்பேடு ஏற்படுத்துக. ஆண்கள் எழுதுவதோடு நில்லாது, உடன் சென்ற மனைவிமாரும் அதில் எழுதுக. பகலில் அத்தெருவில் வாழ்ந்தவர்கள் அவர்களே. அடுத்துச் செல்லும் குடும்பத்துக்கு அவர்கள் எழுதும் ஒரு பக்கம் என்னுடைய இவ்வுபந்நியாசத்தினும் அதிகமாகப் பயன்படும்.