சுட்டது நம் ஆட்சி என்றாலும்



விளவங்கோடு தாலுகாவில் நின்று போலீஸ் துப்பாக்கிச்சூட்டைப் பற்றிப் பேசுகிறவன் வெளியூரில் சான்று தேட வேண்டியதில்லை. 1954 ஆகஸ்ட் 11. திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிக்கொண்டிருந்த காலம். அன்றைக்கு மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. நம் ஆட்கள் செத்தார்கள். புதுக்கடையில் அவர்களுக்கு ஸ்தூபி இருக்கிறது, ஆண்டுதோறும் மாலை போடுகிறோம். ஆனால் அந்தக் கதையின் மறுபாதியை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

சுட்டபோது ஆட்சியில் இருந்தது யார்? வெள்ளைக்காரன் போய் ஏழு ஆண்டு ஆகிவிட்டது. காங்கிரஸும் அல்ல. ஏழை எளியவருக்காகப் பிறந்ததாகச் சொன்ன பிரஜா சோஷலிஸ்ட் கட்சி. திருவிதாங்கூர்–கொச்சியின் முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை. அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது உத்தரப் பிரதேசத்தில் சிறையில் இருந்தார். சேதி அவருக்குப் போகிறது. சிறைக்குள்ளிருந்தே தந்தி அடிக்கிறார்: தாணுப்பிள்ளை மந்திரிசபை பதவி விலக வேண்டும், சுதந்திர நாட்டில் மக்கள்மீது துப்பாக்கி நீட்டிய அரசு நாற்காலியில் இருக்கக் கூடாது.

தன் கட்சிக்குக் கிடைத்திருந்த ஒரே மாநில ஆட்சியை, தோழர்களே, விட்டுவிட்டு இறங்கு என்று அந்தக் கட்சியின் பொதுச்செயலாளரே சொல்கிறார். கட்சி ஏற்கவில்லை. மந்திரிசபை விலகவில்லை. கட்சிதான் உடைந்தது, அடுத்த ஆண்டு லோகியா வெளியேறித் தனிக்கட்சி கண்டார். அரசியல் கணக்குப் பார்த்தால் அவர் தோற்றார். லோகியாவின் மற்ற எத்தனையோ கருத்துகளோடு எனக்கு வழக்கு உண்டு. இந்த ஒரு காரியத்துக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இங்கிருந்து தூத்துக்குடிக்கு வாருங்கள். 2018 மே 22. ஸ்டெர்லைட் தாமிர ஆலையை விரிவாக்கக் கூடாது, மூட வேண்டும் என்று அ.குமரெட்டியாபுரத்து மக்கள் தொடங்கிய போராட்டத்தின் நூறாவது நாள். மாவட்ட ஆட்சியரிடம் முறையிடப் போனார்கள். அன்றும் மறுநாளும் நடந்த போலீஸ் நடவடிக்கையில் பதிமூன்று பேர் உயிரிழந்தார்கள். அதில் ஒரு பெண்பிள்ளைக்குப் பதினேழு வயது. இன்னொருவர் ஆட்சியர் அலுவலகத்துப் பக்கமே போகவில்லை. திரேஸ்புரத்தில், மகள் வீட்டுக்கு மீன் கொடுக்கப் போன தாய். அவரையும் குண்டு தேடிப் போனது. மறுநாளும் ஒரு இளைஞரைச் சுட்டார்கள். தூத்துக்குடி, நெல்லை, நம் குமரி, மூன்று மாவட்டத்திலும் இணையத்தைத் துண்டித்தார்கள். அந்த நாட்களில் அங்கே சொந்தபந்தம் இருந்தவர்கள் பட்ட பாடு இந்தக் கூட்டத்தில் பலருக்குத் தெரியும்.

கல்லெறிந்தார்களே, வண்டிகளைக் கொளுத்தினார்களே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். கல்லெறிந்தால் வழக்கு இருக்கிறது, கொளுத்தினால் சிறை இருக்கிறது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அதற்கு மரண தண்டனை கிடையாது. கூட்டத்தைக் கலைப்பதற்குப் போலீஸுக்கே விதி இருக்கிறது. முதலில் எச்சரிக்க வேண்டும், பிறகு கண்ணீர்ப்புகை, பிறகு தடியடி. வேறு வழியே இல்லையென்றால்தான் துப்பாக்கி. அதுவும் இடுப்புக்குக் கீழே. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் நான்கு ஆண்டு விசாரித்து என்ன சொன்னது? ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டிருக்கிறார்கள் என்றது. ஆட்சியர் அலுவலக வளாகத்துப் பூங்காவில் மறைந்து நின்று சுட்டதைச் சொன்னது. ஒரே காவலர், இடம் மாற்றி இடம் மாற்றி, 17 சுற்று சுட்டதைப் பதிவு செய்தது.

அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். போலீஸ் வண்டியின் கூரைமேல் மஞ்சள் பனியன் போட்ட ஒருவர். சீருடை இல்லை. கையில் நீண்ட துப்பாக்கி. படுத்துக் குறிபார்க்கிறார். சற்று யோசித்துப் பாருங்கள்: மிரண்டு ஓடிவரும் கூட்டத்திடமிருந்து தன் உயிரைக் காக்க நினைப்பவர் வண்டிமேல் ஏறிப் படுத்துக் குறிபார்ப்பாரா? அது போர்முனைக்குரிய நிலை. எஸ்.எல்.ஆர். என்கிறார்களே, அந்தத் துப்பாக்கி சீனப் போருக்குப் பிறகு நம் ராணுவத்துக்காகச் செய்யப்பட்டது. 7.62 மில்லிமீட்டர் தோட்டா. நூற்றுக்கணக்கான மீட்டருக்கு அப்பால் நிற்கும் எதிரிப் படைவீரனை வீழ்த்துவதற்கானது. ராணுவம் இன்சாஸ் துப்பாக்கிக்கு மாறிய பிறகு அது போலீஸிடம் வந்து சேர்ந்தது. மனு கொடுக்க வருகிறவன் முன்னால் அந்த ஆயுதத்தோடு ஒரு காவலரை நிறுத்தினால், அவர் கண்ணுக்கு மனுக்காரன் எப்படித் தெரிவான்? அந்தக் காவலரும் ஏதோ ஒரு கூலித் தொழிலாளியின் பிள்ளைதான். அவர் கையில் அதைக் கொடுத்து அனுப்பியவர்களைத்தான் நான் கேட்கிறேன்.

கேட்டால் பணம் தருகிறார்கள். முதலில் பத்து லட்சம், பிறகு இருபது லட்சம். அந்தக் குடும்பங்களுக்கு அது வேண்டும், ஆணையம் சொன்னதுபோல் ஐம்பது லட்சமும் வேண்டும். ஆனால் நிவாரணம் கொடுத்தாகிவிட்டது என்பதையும் ஒரு காரணமாகக் காட்டித் தேசிய மனித உரிமை ஆணையம் 2018 அக்டோபரிலேயே கோப்பை மூடியது. ஐந்து மாதம்! அருணா ஜெகதீசன் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. உயரதிகாரிகள் உட்படப் பதினேழு போலீஸார்மீதும், அன்றைய ஆட்சியர்மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. தொலைக்காட்சி பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று அன்றைய முதலமைச்சர் சொன்னதை உண்மையல்ல என்றது. ஆட்சி மாறியிருந்தது. எதிர்க்கட்சியாக இருந்தபோது தூத்துக்குடிக்காகக் கொதித்தவர்கள் கையில் அந்த அறிக்கை இருந்தது. ஒரு இன்ஸ்பெக்டரையும் மூன்று காவலர்களையும் இடைநீக்கம் செய்தார்கள். மேலே போக அவர்களுக்குக் கை வரவில்லை.

ஏன் வரவில்லை? பட்டியலைப் பாருங்கள். 1965 மொழிப் போரில் சுட்டது காங்கிரஸ் ஆட்சி. 1972இல் மின்கட்டணத்துக்காகப் போராடிய உழவர்களைச் சுட்டது தி.மு.க. ஆட்சி. 1987 வன்னியர் சாலை மறியலில் சுட்டது அ.தி.மு.க. ஆட்சி. 1999இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களை அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியதில் பதினேழு உயிர் போனது, அது தி.மு.க. ஆட்சி. 2011இல் பரமக்குடியில் சுட்டது அ.தி.மு.க. ஆட்சி. இன்றைக்கு ஒருவரைக் கூண்டில் ஏற்றினால் நாளைக்கு நம் அதிகாரியையும் ஏற்றுவார்களே என்ற அச்சம் எல்லோருக்கும் பொது. சட்டமும் துணை நிற்கிறது. கூட்டத்தைக் கலைக்கச் சுட்ட போலீஸ்மீது வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அப்படி, புதிய சட்டத்திலும் அப்படி. பிரிவின் எண்தான் மாறியது. சுட்ட அரசே அனுமதியும் தர வேண்டும் என்றால் செத்தவன் வீட்டார் எங்கே போவார்கள்?

நம்மிடமும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. பிடிக்காத கட்சி சுட்டால் படுகொலை என்கிறோம். பிடித்த கட்சி சுட்டால் சூழ்நிலை என்கிறோம். இந்த மேடைக்கு முன்னால் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறீர்கள். உங்கள் தொண்டைக்கு இருக்கும் மதிப்பு எதிர்க்கட்சிக்காரன் தொண்டைக்கு இல்லை. உங்கள் தலைவர் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்.

ஆகையால் என் வேண்டுகோள் உங்களுக்குத்தான். அடுத்த தேர்தலில் உங்கள் வேட்பாளர் உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார். ஆரத்தி எடுங்கள், தண்ணீர் கொடுங்கள். பிறகு ஒரு தாளை நீட்டுங்கள். எங்கள் ஆட்சியில் மக்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தால், வழக்குக்கான அனுமதியை உடனே தருவோம், விசாரணை முடியும்வரை துறை அமைச்சர் பதவியில் இருக்க மாட்டார் என்று அதில் எழுதி வையுங்கள். கையெழுத்தை அவரைப் போடச் சொல்லுங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்பார். எப்போது சொல்வீர்கள் என்று கேளுங்கள்.