வினைமுதல் மறைந்த செய்தி

(எழுமலைத் தமிழ்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செய்தித்தாள்களின் ஒருசார்பு பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இதற்குச் சான்று தேடி இலண்டனுக்குப் போக வேண்டுவதில்லை. இவ்வூருக்கு அண்மையிலுள்ள பெருங்காமநல்லூரே போதும்.

தமிழிலக்கணம் கற்றார்க்கு ஒரு நலம் உண்டு. வினை ஒன்று நிகழ்ந்ததெனின் அதனைச் செய்தவன் ஒருவன் இருந்தாக வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அவனை வினைமுதல் என்கிறோம். 'காவலர் பதினாறு பேரைச் சுட்டுக் கொன்றனர்' என்னும் தொடரில் கொன்றவர் கண்முன் நிற்கின்றனர். 'பதினாறு பேர் கொல்லப்பட்டனர்' என்னுங்கால் அவர் திரைக்குப் பின் போய்விட்டனர். 'துப்பாக்கிச் சூட்டுச் சம்பவத்தில் பதினாறு பேர் பலி' என்னுங்காலோ, துப்பாக்கி தானே வெடித்ததாகவும் மக்கள் தாமே மடிந்ததாகவும் முடிகிறது. 'சம்பவம்' தமிழன்று என்பதற்காக மட்டும் அதனை நாம் விலக்கவில்லை. செய்தவன் ஒளிந்துகொள்ளும் புதராக அச்சொல் பயன்படுகிறது என்பதற்காகவும் விலக்குகிறோம். இம்மூன்று தொடருள் எதிலும் பொய்யில்லை என்பதைக் கருதுங்கள். பொய்யே சொல்லாமல் பொய்யை நம்பவைக்கும் திறம் இது.

1920 ஏப்பிரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் நடந்தது என்ன? குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வடபுலத்தில் பிறந்தது. 1911ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் சென்னை மாநிலத்திற்கும் நீண்டது. பிறப்பினாலேயே ஒருவன் குற்றவாளி என்றது அது. ஊரைவிட்டுப் போக இசைவுச்சீட்டு வேண்டும். இரவில் எங்கே படுத்தான் என்பதற்குக் கணக்கு வேண்டும். விரல்களை மையில் தோய்த்துப் பதிய வேண்டும். நம் முதியோர் இதனை 'ரேகைச் சட்டம்' என்பர். 'ரேகை' வடசொல்லே, ஆயினும் அவர்தம் வாயில் அதனைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. அச்சொல்லில் ஒரு தழும்பு இருக்கிறது. அன்று அவ்வூரார் கைவைக்க மறுத்தனர். வெள்ளையரசின் காவலர் சுட்டுப் பதினாறு உயிரைப் பறித்தனர். அவருள் மாயக்காள் என்னும் பெண்மணியும் ஒருவர். குண்டடி பட்டோர்க்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் அவர் என்று ஊரார் இன்றும் சொல்வர்.

அதற்கு ஓராண்டு முன்னர், 1919 ஏப்பிரல் 13இல், அமிர்தசரசில் நடந்த சாலியன்வாலாபாக்குப் படுகொலையை நாம் எல்லோரும் அறிவோம். டயர் என்னும் கொலைகாரன் பெயரை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்கின்றனர், படிக்கவே வேண்டும். பெருங்காமநல்லூரில் சுட ஆணையிட்டவன் பெயரை இக்கூட்டத்தில் எத்துணைப் பேர் சொல்லக்கூடும்? மாண்டவர்க்கு நினைவுத்தூண் உண்டு. கொன்றவன் பெயர்தான் நம் நாவில் இல்லை.

இஃது எளிதில் நிகழ்ந்தமைக்குக் காரணம், குண்டுக்கு முன்பே சொல் பாய்ந்துவிட்டமையே. 1906இல் பிரான்சிசு என்னும் அலுவலர் எழுதிய மதுரை மாவட்டக் குறிப்பேடு கள்ளர்குடியைத் திருட்டோடு பிணைத்து எழுதிற்று. 1909இல் தர்சுடன் ஏழு தொகுதிகளில் தென்னாட்டுக் குடிகளைப் பற்றி எழுதினார்; நம்மவர் மூக்கையும் மண்டையையும் அளந்து நிறங்கண்டவர் அவர்! தம் நாட்டுத் திருடரைப் பற்றி எழுதுங்கால் திருடன் என்று மட்டும் எழுதும் வெள்ளையர், இங்கு வந்ததும் ஒரு குடியையே திருடர் என்று எழுதினர். இத்தனைக்கும் அதே கள்ளர்குடியிற் பிறந்த புதுக்கோட்டைத் தொண்டைமானை அவர்கள் அரசர் என்று போற்றி வந்தனர். ஆகவே பெயரின் பொருளைத் தீர்மானித்தது அகராதியன்று. ஆள்வோர்க்கு அடங்கினானா இல்லையா என்பதே. சட்டத்தை 1947இல் சென்னை அரசு நீக்கியது. சொல்லை யார் நீக்கினர்?

அச்சொல் மீண்டும் எழுந்த காலத்தைக் கூறுகிறேன். 1985இல் சூனியர் விகடனும், 1986இல் தில்லியிலிருந்து வரும் இந்தியா டுடேயும் உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண்மகவுக் கொலையைப் பெரிதாக வெளியிட்டன. கொலை நடந்தது மெய். மணக்கொடைக்கு அஞ்சித் தன் மகவுக்குக் கள்ளிப்பால் ஊட்டியதை நான் மறைக்கவும் மாட்டேன், பொறுக்கவும் மாட்டேன். அதனை வெளிக்கொணர்ந்தமைக்கு அவ்விதழ்களுக்கு நன்றியும் சொல்வேன். ஆயின் எழுதிய முறையைப் பாருங்கள். இங்கே வினைமுதல் மறையவில்லை. ஊர்ப்பெயரோடும் குடிப்பெயரோடும் முன்னே வந்து நின்றது. 'உசிலம்பட்டி' என்றாலே கள்ளிப்பால் என்று நாடெங்கும் பதிந்தது.

பின்னர் 2001ஆம் ஆண்டு மக்கட்கணக்கு வந்தது. ஆறு அகவைக்கு உட்பட்ட ஆண்மகவு ஆயிரத்துக்குத் தமிழ்நாட்டில் பெண்மகவு 942, அரியானாவில் 819, பஞ்சாபில் 798, தில்லியிலோ 868. படித்தவரும் பொருளுடையாரும் கருவிவைத்துப் பார்த்துக் கருவறையிலேயே முடித்தனர். அதற்குச் செய்தித்தாள் இட்ட பெயர் என்ன? 'பாலின விகிதச் சரிவு'! மழைக்குச் சுவர் சரிவதுபோலத் தானே சரிந்ததாம். உசிலம்பட்டித் தாய்க்கு வினைமுதல் உண்டு. தில்லித் தந்தைக்கு இல்லை.

இவ்விடத்தில் நம் வீட்டையும் பார்ப்போம், கசந்தாலும் கேளுங்கள். 1997 சூனில் இதே மதுரை மாவட்டத்து மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு வந்த பிறரையும் சாதிவெறியர் வெட்டிக் கொன்றனர். தாழ்த்தப்பட்டவர் தலைவராயினார் என்பதே அவர்மேல் கண்ட குற்றம். இத்தகைய கொடுமைகளை 'இரு பிரிவினரிடையே மோதல்' என்றெழுதும் பழக்கம் நம் தமிழ் நாளேடுகளுக்கும் உண்டு. வெட்டியவனும் வெட்டுண்டவனும் ஒரே தட்டில்! தர்சுடன் செய்தால் இனச்செருக்கு, நம்மவன் செய்தால் ஊர் அமைதியா? இம்மறைப்பை ஒப்புக்கொள்ளும் தமிழனுக்கு வெள்ளையனைக் குறைசொல்ல வாயில்லை.

இதன் கொடிய வடிவத்தை ஈழத்தில் கண்டோம். 1981 மே இறுதியில் யாழ்ப்பாணத்தில் காவலரும் அவரோடு சேர்ந்த கும்பலும் நூலகத்துக்குத் தீயிட்ட அந்நாள்களிலேயே 'ஈழநாடு' நாளிதழ் அலுவலகத்தையும் எரித்தனர். எரித்ததை எழுதும் கையையும் எரித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. 2009இல் தனிநிலைச் செய்தியாளரைப் போர்க்களத்துக்குள் விடாமல் தடுத்துவிட்டு, நடப்பதற்கு 'மனிதாபிமான நடவடிக்கை' என்று கொழும்பு பெயரிட்டது. மக்கள் ஒதுங்கிய இடத்துக்குப் பெயர் 'பாதுகாப்பு வலயம்'. குண்டு விழுந்ததும் அங்கேதான். ஐ.நா. பொதுச்செயலர் அமர்த்திய குழு 2011இல் இருதரப்பின் மீதும் கடுங்குற்றம் சாட்டியது. மக்களில் மிகப்பலர் மாண்டது அரசின் எறிகணையால் என்று வினைமுதலைச் சுட்டியது. மாண்டவர் நாற்பதினாயிரம் வரை இருக்கக்கூடும் என்றது. அம்மாதங்களில் கொழும்பு அறிக்கையை அப்படியே மொழிபெயர்த்து 'முன்னேறும் படைகள்' என்று இங்கே வெளியிட்டவரும் உளர். சொல்லை இரவல் வாங்கினால் அதனுள் இருக்கும் கண்ணையும் சேர்த்தே வாங்குகிறோம்.

இளைஞரே, படிப்பகத்தில் நாளேடு படிக்குங்கால் கையில் ஒரு கரிக்கோல் வைத்துக்கொள்ளுங்கள். 'சம்பவம்', 'மோதல்', 'பலி' என்று வரும் இடங்களில் கோடிட்டு, செய்தவன் யார் என்று ஓரத்தில் எழுதுங்கள். தெரியவில்லையெனின் ஒரு கேள்விக்குறி போடுங்கள். வரும் ஏப்பிரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூர் நினைவுநாள் பற்றி உள்பக்கத்தில் நான்கு வரி வரக்கூடும். சுட்டவர் யார் என்று அதில் இல்லையாயின் ஆசிரியர்க்கு ஓர் அஞ்சலட்டை விடுங்கள்.