எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் சர்க்கார் செலவு

 

திருத்தணிகை 1953-ஆம் வருஷத்தில் ஆந்திர ராஜ்யத்தில் சேர்ந்து, 1960 ஏப்ரல் முதல் தேதியன்று சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பிய ஊர். நம்மில் பலருக்கு நகரிப் பக்கம் பந்துக்கள் உண்டு. ஆதலால், "அங்கே சர்க்கார் குடியானவனுக்கு இன்னும் அதிகம் செலவழிக்கிறதாமே" என்ற பேச்சு கலியாணப் பந்தலிலேயே எழுகிறது. அதை நம்பித் தவணை கட்டாமல் காத்திருப்போரும் உளர். அதனாலேயே இவ்விஷயத்தை இன்று எடுத்துக்கொண்டேன்.

பட்ஜெட்டின் பெருந்தலைப்புகள் எல்லா ராஜ்யங்களுக்கும் பொதுவானவை. கூட்டுறவு என்றால் எங்கும் 2425 என்ற எண்தான். ஆயினும் ஒவ்வொரு திட்டத்துக்குமுரிய உட்தலைப்புகளை அந்தந்த ராஜ்யமே வகுத்துக்கொள்ளுகிறது. பம்பு செட்டுக்குக் கொடுக்கும் இலவச மின்சார மானியம் விவசாயச் செலவா, மின்சாரச் செலவா? மின்சாரத்தின்கீழ் எழுதினால், விவசாயத் தலைப்பை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அது தென்படாது. ஆந்திரத்தில் 2013 முதலும் தமிழ்நாட்டில் 2021 முதலும் சமர்ப்பிக்கத் தொடங்கிய தனி விவசாய பட்ஜெட்டுகளிலோ, பல இலாகாக்களின் தொகைகள் ஒன்றாகத் திரட்டப்படுகின்றன.

கடன் தள்ளுபடி இன்னும் சிக்கலானது. 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. அம்மாதமே வந்த இடைக்கால பட்ஜெட் அதற்கு ஒதுக்கியது 5,000 கோடி. அறிவிக்கும் தொகை வேறு, அவ்வருஷம் கஜானாவிலிருந்து வரும் தொகை வேறு. மிச்சம் வந்து சேரும் வரை சங்கமும் மத்திய பாங்கியும்தான் தாங்கவேண்டும். 2014-இல் ஆந்திரம் அறிவித்ததோ வர்த்தக பாங்கிக் கடன்களையும் உட்கொண்டது. அதிலும் பெருந்தொகைகள் வருஷக்கணக்கில் தவணையாகவே தரப்பட்டன. இவ்விரண்டையும் எதிரெதிரே வைத்து எது பெரிதென்பது, மணங்குக் கணக்கோடு மரக்கால் கணக்கைக் கூட்டுவது போலாம்.

வருஷத்தையும் கவனிக்க வேண்டும். 2014 ஜூன் 2-ஆம் தேதி தெலுங்கானா பிரிந்தது; முந்திய ஆந்திரக் கணக்குகளில் ஹைதராபாத்தும் அடக்கம். அன்றியும், முன்பு ஜில்லா ஏஜென்சிகளுக்கு நேரே சென்ற மத்திய சர்க்கார் திட்டப் பணம், 2014-15 முதல் ராஜ்ய பட்ஜெட் வழியாக வரலாயிற்று. இதனால் எழுத்தில் உயர்ந்த தொகை முழுவதும் கிராமத்துக்குப் புதிதாய் வந்த பணமன்று.

ஆகவே எவரேனும் ஒரு தொகை சொன்னால், அது மதிப்பீடா, திருத்திய மதிப்பீடா, முடிந்த கணக்கா என்று கேளுங்கள். சங்கத்தைப் பார்வையிட வருபவர் கணக்குப் புஸ்தகத்தைத்தான் கேட்பார். வருங்காலத் திட்டத்தைக் காட்டினால் ஒப்பமாட்டார். ரிசர்வ் பாங்கி வருஷந்தோறும் எல்லா ராஜ்யங்களின் பட்ஜெட்டுகளையும் ஆராய்ந்து வெளியிடும் புஸ்தகத்தில் மூன்றும் தனித்தனியே கிடைக்கும்.

நகரியில் என்ன தள்ளுபடியானாலும் இங்குள்ள தவணைத் தேதி மாறாது. குறித்த தேதிக்குள் கட்டுவோருக்கு 2009 முதல் நம் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கு வட்டி கிடையாது. தேதி தப்பினால் உண்டு. தத்தம் தேதியைச் சங்கக் காரியதரிசியிடம் இன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளக் கோருகிறேன்.