மாறியதை மட்டும் அனுப்பு

இரண்டு கம்ப்யூட்டர்களில் உள்ள கோப்புகளை ஒரே நிலையில் வைத்திருக்கும் சிங்க் மென்பொருள்கள், கோப்புகளைப் பத்திரமாகப் பிரதி எடுத்து வைக்கும் பேக்கப் மென்பொருள்கள், இந்த இரண்டு வகையைப் பற்றியதுதான் இன்றைய பேச்சு. ஆனால் பாதிக்கும் மேற்பட்ட நேரத்தை ஒரே ஒரு மென்பொருள் எடுத்துக்கொள்ளப்போகிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

அதன் பெயர் ஆர்சிங்க். 1996 ஜூன் மாதம் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரிலிருந்து வெளிவந்தது. எழுதியவர்கள் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கெராஸும். டிரிட்ஜெல் அதற்குள் சாம்பா என்ற மென்பொருளால் பெயர் வாங்கியிருந்தார். விண்டோஸ் கம்ப்யூட்டரும் யூனிக்ஸ் கம்ப்யூட்டரும் ஒரே நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள வழி செய்தது சாம்பா.

அந்தக் காலத்து இணையத்தை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டெலிபோன் லைனில் மோடம், அது போடும் கீச்சுச் சத்தம், நொடிக்கு 28,800 பிட் வேகம். பத்து லட்சம் பைட் உள்ள ஒரு கோப்பை அனுப்ப நாலரை நிமிடத்துக்கு மேல் ஆகும். நேற்று அனுப்பிய அதே கோப்பில் இன்று ஒரு வரியை மட்டும் திருத்தியிருந்தாலும் மறுபடியும் அதே நாலரை நிமிடம்.

மாறியதை மட்டும் அனுப்பினால் போதாதா? போதும்தான். ஆனால் எது மாறியது என்று எப்படித் தெரியும்? பழைய கோப்பு அந்தப் பக்கம் இருக்கிறது, புதியது இந்தப் பக்கம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் ஏதாவது ஒன்றை முழுதாக லைனில் அனுப்பியாக வேண்டும். அப்படி அனுப்பிவிட்டால் பிறகு மிச்சப்படுத்த என்ன இருக்கிறது?

டிரிட்ஜெல் கண்ட வழி இது. பழைய கோப்பு இருக்கும் கம்ப்யூட்டர் அதைத் துண்டுக்கு 700 பைட் என்று வெட்டிக்கொள்ளும். ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு எண்களைக் கணக்கிடும். முதல் எண் சுலபமாகப் போடக்கூடிய கூட்டுத்தொகை, 4 பைட்டில் அடங்கிவிடும். இரண்டாவது 16 பைட் நீளமுள்ள கடினமான எண். வெவ்வேறான இரண்டு துண்டுகளுக்குத் தற்செயலாக அது ஒன்றாக அமைவது நடைமுறையில் நடக்காது. துண்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கும், எண்கள் மட்டும் பயணம் செய்யும். பத்து லட்சம் பைட் கோப்புக்கு சுமார் 1,430 துண்டுகள், துண்டுக்கு 20 பைட், மொத்தம் 28,600 பைட். அதே மோடத்தில் எட்டு நொடி!

இனி வேலை இந்தப் பக்கம். கையில் வந்த எண்களுக்குப் பொருந்தும் துண்டுகள் புதிய கோப்பில் எங்கெங்கே இருக்கின்றன என்று தேட வேண்டும். 700, 700 ஆகத் தாண்டித் தாண்டிப் போனால் கதை நடக்காது. ஒரு பெயர்ப் பட்டியலின் தலையில் புதிதாக ஒரு பெயரைச் சேர்த்துவிட்டால், அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சில பைட் நகர்ந்துபோகும், ஒரு துண்டும் பொருந்தாது. ஆகவே முதல் பைட்டிலிருந்து 700, இரண்டாவதிலிருந்து 700, மூன்றாவதிலிருந்து 700 என்று கிட்டத்தட்ட பத்து லட்சம் இடங்களில் பார்த்தாக வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் 700 பைட்டைப் புதிதாகக் கூட்டினால் அன்றைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கிவிடும்.

நேயர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ளலாம், சமாச்சாரமே இங்கேதான் இருக்கிறது. டவுன் பஸ் கண்டக்டர் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எல்லாத் தலைகளையும் புதிதாக எண்ணுவதில்லை. இறங்கியவர்களைக் கழித்து, ஏறியவர்களைக் கூட்டிக்கொள்கிறார். ஆர்சிங்க்கின் முதல் எண்ணும் அப்படித்தான். ஒரு பைட் நகரும்போது பின்னால் விடுபட்ட பைட்டைக் கழித்து, முன்னால் வந்த பைட்டைக் கூட்டினால் அடுத்த எண் தயார். வரிசை மாறினால் கண்டுபிடிக்க இன்னொரு கூட்டலும் கூடவே ஓடுகிறது, அதையும் இதேபோல நகர்த்திக்கொண்டு போகலாம். 700 கூட்டல் செய்ய வேண்டிய இடத்தில் நாலைந்து கணக்கோடு வேலை முடிகிறது. முதல் எண் பொருந்துகிற இடத்தில் மட்டும் அந்தக் கடினமான எண்ணைப் போட்டு உறுதி செய்துகொள்ளும்.

கடைசியில் லைனில் போவது ஒரு குறிப்புதான். "இந்த முப்பது பைட்டை எழுது, பிறகு உன்னிடம் இருக்கும் 17ஆம் துண்டை வை, அடுத்து 18ஆம் துண்டு" என்கிற ரீதியில். அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் தன் பழைய சரக்கை வைத்தே புதிய கோப்பைக் கட்டிவிடும். 1999இல் டிரிட்ஜெல் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் இந்த முறைக்கு முக்கிய இடம் உண்டு. லினக்ஸ் தொகுப்புகளை உலகமெங்கும் பிரதி வைத்திருக்கும் மிரர் சர்வர்கள் இன்றைக்கும் ஆர்சிங்க் கொண்டு தங்களைப் புதுப்பித்துக்கொள்கின்றன.

நேரம் ஓடுகிறது. 2007இல் டிரூ ஹூஸ்டனும் அராஷ் ஃபெர்டோசியும் தொடங்கிய சிங்க் சேவையான டிராப்பாக்ஸ், பென் டிரைவை மறந்துவிட்டு பஸ் ஏறிய ஹூஸ்டனின் எரிச்சலில் பிறந்தது என்பதோடு அதை நிறுத்திக்கொள்ளலாம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் பியர்ஸ் தலைமையில் உருவான யூனிசன் என்ற சிங்க் மென்பொருள், இரண்டு பக்கமும் ஒரே கோப்பைத் திருத்தியிருந்தால் எதை வைத்துக்கொள்வது என்று மனிதரிடமே கேட்கும்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "எல்லாம் டிரைவ்ல சிங்க் ஆகியிருக்குண்ணே, பேக்கப்புக்குக் கவலையில்ல." கவலைப்படத்தான் வேண்டும். சிங்க் செய்யும் மென்பொருள் மகா விசுவாசி. இங்கே கோப்பை அழித்தால் அங்கேயும் அழிக்கும். இங்கே கெட்டுப்போனால் கெட்டுப்போனதையே அங்கேயும் கொண்டுபோய் வைக்கும். பழைய பதிப்புகளைச் சில வாரங்கள் வைத்திருக்கும் சேவைகள் உண்டு, அந்தக் கெடு தாண்டினால் அதுவும் இல்லை. நேற்றைய நிலை, போன மாதத்து நிலை என்று தனித்தனியாகச் சேர்த்து வைப்பதுதான் பேக்கப். மேக் கம்ப்யூட்டர்களில் 2007இல் வந்த டைம் மெஷின் செய்வது அதைத்தான்.

பேக்கப் ஓடுகிறது என்ற நம்பிக்கை மட்டும் போதாது. புரோகிராமர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு நடந்ததைக் கேளுங்கள். அங்கே தரவுத்தளம் ஒரு முதன்மை சர்வரிலும், அதைப் பின்தொடரும் துணை சர்வரிலும் இருந்தது. துணை சர்வர் பின்தங்கிவிட்டது. அதைத் துடைத்துவிட்டு மறுபடி சிங்க் செய்யலாம் என்று ஓர் இன்ஜினியர் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார், முதன்மை சர்வரில்! சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி போய், நாலரை ஜிபி மிஞ்சியது. தினசரி பேக்கப்பைத் தேடினால் அந்த இடம் காலி. பேக்கப் எடுக்கும் மென்பொருளின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் ஒத்துப்போகாததால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேராமல் திருப்பப்பட்டிருக்கின்றன. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு சோதனைக்காக அதே இன்ஜினியர் எடுத்த பிரதிதான் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரப் பதிவுகள் போனவை போனவைதான். மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டி, நடந்ததையெல்லாம் நிறுவனமே விவரமாக வெளியிட்டது.

நேரம் முடிகிறது என்று சிக்னல் கொடுக்கிறார்கள். பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, அசலையும் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலர் இரண்டையும் இழந்தார்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுப்பவர்கள் வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள், பணம் பறிக்கும் வைரஸ் செருகியிருக்கும் டிஸ்க்கையும் விடாது. இந்த ஞாயிற்றுக்கிழமை, பழைய பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு போட்டோவையாவது திரும்ப எடுத்துத் திறந்து பார்ப்பீர்கள் என்று நம்பலாம். திறக்கவில்லையென்றால் கவலை வேண்டாம், அசல் இன்னும் உங்கள் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. அன்றைக்கே புதிதாக ஒன்று எடுத்துவிடுங்கள்.