புகை வந்தும் எழாதவர்கள்

அமெரிக்காவில் பிப் லத்தானே, ஜான் டார்லி என்று ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள். 1968-ல் ஒரு சோதனையை வெளியிட்டாங்க. அறையில ஒரு மாணவர் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கிட்டிருக்கார். சுவர்ல இருக்கிற துவாரம் வழியா புகை வருது. தனியா இருந்த 24 பேர்ல 18 பேர் எழுந்துபோய்ச் சொல்லிட்டாங்க.

அடுத்து, பக்கத்துல ரெண்டு பேரை உட்கார வெச்சாங்க. புகையைப் பார்த்தாலும் கண்டுக்காதீங்கன்னு அவங்களுக்கு முன்னாடியே சொல்லி வெச்சாச்சு. இப்போ 10 பேர்ல ஒரே ஒருத்தர்தான் எழுந்தார்! மத்தவங்க கண்ணைக் கசக்கிக்கிட்டு, இருமிக்கிட்டே எழுதினாங்க. கேட்டா, சிலர் நீராவின்னு நினைச்சாங்களாம்!

ஆபத்தா இல்லையான்னு அடுத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் நாம முடிவு பண்றோம். அவரோ நம்ம முகத்தைப் பார்த்துக்கிட்டிருக்கார். வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை ஈரமில்லாத கூட்டம்னு திட்டுறோமே, அது பாதி நியாயம்தான்.

அதனால, ரோட்டுல யாராவது விழுந்து கிடந்தா, "யாராச்சும் போன் பண்ணுங்க"ன்னு பொதுவா கத்தாதீங்க. "நீலச் சட்டை அண்ணே, நீங்க 108-க்குப் போன் பண்ணுங்க"ன்னு ஒருத்தரைக் கைகாட்டிச் சொல்லுங்க.