முதலில் நன்றி, பிறகு கடை
(கிறிஸ்துமஸ் ஆயத்தக் கூடுகையில் கொடுக்கப்பட்ட செய்தி)



1863-ம் ஆண்டு, உள்நாட்டுப் போரின் நடுவே, அமெரிக்க ஜனாதிபதி லிங்கன் நவம்பர் கடைசி வியாழக்கிழமையை நன்றி செலுத்தும் நாளாக அறிவித்தார். துக்கத்தின் நாட்களில் பிறந்த அழைப்பு அது. 1939-ல் அந்த வியாழன் 30-ந் தேதி வந்தது. கிறிஸ்துமஸ் விற்பனைக்கு நாள் போதாது என்று வியாபாரிகள் முறையிட, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அதை ஒரு வாரம் முன்னால் மாற்றினார். நன்றியின் நாள் கடைக்காக நகர்ந்தது!

அவர்களைக் குறை சொல்ல நாம் யார்? டிசம்பர் பிறந்ததும் நாமும் ஜவுளிக்கடைக்குத்தான் முதலில் ஓடுகிறோம். கடன் வாங்கிப் புத்தாடை எடுத்த குடும்பம் ஜனவரியில் வட்டிக்குத் தவிக்கிறது. அப்போது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், கையில் காசில்லாமல், ஆஸ்பத்திரிக்கு வரவும் தயங்குகிறது.

மிசோரம் சபைகளின் தாய்மார் 1910 முதல் ஒவ்வொரு வேளையும் சமைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை ஊழியத்திற்கென்று எடுத்து வைக்கிறார்கள். நம் பிடியரிசிக் காணிக்கையும் அப்படியே. மிஞ்சியதை அல்ல, முதலாவதை எடுக்கிறோம். அதனால் யாரும் கடனாளியாவதில்லை.

ஆகவே, கடைக்குப் போகுமுன் குடும்பமாக உட்கார்ந்து, இவ்வருஷம் பெற்ற நன்மைகளை எண்ணுவோம். ஆளுக்கு ஒரு உடுப்பு போதும் என்று தீர்மானிப்போம். இரண்டாவது உடுப்பின் பணத்தை ஓர் ஏழை நோயாளியின் மருந்துக்கென்று எடுத்து வைப்போம். இயலாதவர்கள் கடன்படாமல் ஜெபத்தினால் தாங்குங்கள். அதுவும் எங்களுக்குப் பெரிய காணிக்கையே.

கர்த்தர்தாமே உங்கள் வீடுகளைச் சமாதானத்தால் நிரப்புவாராக. ஆமென்.