எறியும் கோப்பையும் ஏந்தும் குவளையும்

புத்தளம் மாவட்டத்திலே, மேற்கே கடலும் கிழக்கே களப்பும் அணைத்து நிற்க, வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணல் நிலம் கற்பிட்டிக் குடாநாடு. அதன் கடற்பக்கத்தில் அமைந்த மீன்பிடிக் கிராமம் கண்டக்குழி. இரவெல்லாம் கடலில் நின்ற படகுகள் விடியலிலே கரை சேர்கின்றன. வலை உதறுவோரும், மீன் தெரிவோரும், விலை கூறுவோரும், பனிக்கட்டி சுமப்போரும் கூடுகின்ற அவ்வேளையில் எல்லோருக்கும் பொதுவாக வேண்டுவது ஒன்று உண்டு. அது சூடான தேநீர். அதனை அருந்தி முடிக்க ஐந்து நிமிடம் போதும். தேநீர் உடலிற் சேர்கிறது, களைப்பும் தீர்கிறது. ஆனால், அத்தேநீரைத் தாங்கி வந்த கோப்பை எங்கே போகிறது? இச்சிறிய வினாவே இன்றைய பேச்சின் பொருள்.

கண்ணாடிக் குவளையானால் அது கடைக்காரரிடம் திரும்பிச் செல்லும்; கழுவப்பட்டு அடுத்தவர் கைக்கு வரும். ஒருமுறைக் கோப்பையானால் திரும்புவதற்கு அதற்கு இடமில்லை. மணலில் விழுகிறது, காற்று அதனை உருட்டுகிறது, அலை எடுத்துச் செல்கிறது. எடுத்துச் சென்ற அலையே தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் அதனை மீண்டும் கரையிலே கொண்டுவந்து குவிக்கிறது. கரைவலை இழுப்போர் மீனோடு குப்பையையும் சேர்த்தே இழுக்க வேண்டியவராகின்றனர்.

இக்கோப்பை உலகிற்கு எவ்வாறு வந்தது என்பதை முதலில் அறிதல் நலம். அது சோம்பலினாற் பிறந்ததன்று, அச்சத்தினாற் பிறந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டுப் புகைவண்டி நிலையங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் தண்ணீர்க் குழாயின் அருகே ஒரே தகரக் குவளை சங்கிலியிலே தொங்கும். நோயாளியும் குழந்தையும் அதிலேயே வாய் வைத்துக் குடித்தனர். காசநோய் பரவிய காலம் அது. 1907-இல் பொஸ்ரன் நகரில் லோரன்ஸ் லூயெலன் என்பார் ஒருமுறை குடித்து எறியத்தக்க காகிதக் கோப்பையை ஆக்கினார். 1909-இல் கான்சஸ் மாநிலம் பொதுக்குவளையைத் தடைசெய்தது. பிற மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின. நோயைத் தடுத்த நன்மையை அக்கோப்பைக்கு மறுத்தல் நீதியாகாது. பின்னர் காகிதத்தோடு பிளாஸ்டிக்கும், இலங்கை மக்கள் ரெஜிபோம் என்று வழங்கும் நுரைப்பொருளும் சேர்ந்தன. நோயாளிக்கும் வழிப்போக்கருக்கும் என்று வந்த பொருள், கழுவிக் குடிக்கக் குவளையும் நீரும் உள்ள இடங்களிலும் குடிபுகுந்தது. தொல்லை அங்கேதான் தொடங்கிற்று.

ரெஜிபோமின் பருமனில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்குக் குறையாமற் காற்றே உள்ளது. ஆதலால் அது சருகினும் எளிதாகப் பறக்கும், நீரில் அமிழாது. வெய்யிலும் அலையும் அதனை உடைக்கும்; ஆயினும் அது மட்கி மண்ணாவதில்லை. பெரிய துண்டு சிறிய துண்டாகும். சிறிய துண்டு கண்ணுக்குத் தெரியாத துகளாகும். மீனும் ஆமையும் இரை என்று எண்ணி அவற்றை விழுங்குகின்றன.

“அப்படியானால் காகிதக் கோப்பையைக் கொள்வோம், காகிதம் மட்கிவிடுமே” என்று பலர் ஆறுதல் கொள்கின்றனர். காகிதம் மட்டுமே ஆயின் சூடான தேநீரைத் தாங்காமல் நைந்துவிடும். அவ்வாறு நேராதிருக்கவே அதன் உட்புறத்தில் மெல்லிய பொலித்தீன் படலம் பூசப்படுகிறது. இந்தியாவின் கரக்பூரிலுள்ள தொழில்நுட்பக் கழக ஆய்வாளர் 2020-இல் இதனை ஆராய்ந்தனர். 100 மில்லிலீற்றர் சூடான நீர் இத்தகைய கோப்பையில் 15 நிமிடம் இருந்தால், ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அந்நீரிற் கலக்கின்றன என்று அவர்கள் கண்டறிந்தனர். காகிதமும் பொலித்தீனும் ஒட்டியிருப்பதால், அதனை இரண்டாகப் பிரித்து மீண்டும் பயன்படுத்துவதும் எளிதன்று.

இனி, கண்டக்குழியின் கடலை நோக்குவோம். அதற்கு அப்பால் முருகைக்கற் பாறைத்தொகுதி ஒன்று பரந்து கிடக்கிறது. பார் ரீஃப் என்ற பெயரால் அது 1992-இற் கடற் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 306 சதுர கிலோமீற்றர். முருகைக்கல் என்பது வெறுங்கல் அன்று. சின்னஞ்சிறு உயிர்கள் கூடிக் கட்டிய வீடு. மீன் குஞ்சுகள் ஒளிந்து வளர்வது அதன் இடுக்குகளிலேதான். ஆகவே பாறையின் நலமும் பரதவர் உலையின் நலமும் வேறு வேறல்ல.

அப்பாறைக்கு இடர்கள் பல வந்துள்ளன. கடல்நீர் வெப்பமேறியதால் 1998-இலும் 2016-இலும் முருகைக்கற்கள் வெளிறிப் பெருமளவில் மாண்டன. 2021-இல் கொழும்புக்கு அப்பாற் கடலில் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் சிதறி மேற்குக் கரையை வருத்தின. பிளாஸ்டிக் படுவதனால் முருகைக்கல்லுக்கு யாது தீங்கு என்பதையும் அறிஞர் ஆராய்ந்துள்ளனர். இந்தோனேசியா, மியன்மார், தாய்லாந்து, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் 159 பாறைத்தொகுதிகளை நோக்கி எழுதிய ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. பிளாஸ்டிக் தீண்டாத இடத்தில் நூற்றுக்கு 4 ஆக இருந்த நோய் வாய்ப்பு, பிளாஸ்டிக் தீண்டிய இடத்தில் 89 ஆக உயர்ந்தது என்பது அவ்வாய்வின் முடிபு.

கடல் சூடேறுவதைக் கண்டக்குழி மக்கள் தாமாக நிறுத்தவியலாது. கப்பல் தீப்பற்றியதும் அவர் செயலன்று. ஆனால் தேநீர்க் கோப்பை அவர்தம் கையிலேயே இருக்கிறது. கைக்கு எட்டாத இடர்கள் பல உள்ளபோது, கைக்கு எட்டிய ஒன்றை விலக்குதல் அன்றோ அறிவுடைமை?

எறிந்த கோப்பையைப் பொறுக்கி எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். பொறுக்கிய பின் அதனை எங்கே வைப்பது? எரித்தால் நச்சுப்புகை எழும்; அதனை முதலில் உட்கொள்வோர் முற்றத்தில் விளையாடும் பிள்ளைகள். புதைத்தாலோ, கற்பிட்டியின் மணலுக்குக் கீழே நன்னீர் ஒரு மெல்லிய படையாகவே உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேலே இட்டது எதுவாயினும் எளிதிற் கீழே இறங்கும் மண் அது. நகரத்துக்கு அனுப்பலாம் எனின், நகரமே தன் குப்பையை வைக்க இடமின்றித் தவிக்கிறது. 2017 ஏப்ரல் 14-இல், சித்திரைப் புத்தாண்டு நாளிலே, கொழும்பு மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் புதைத்தது. அதன் பின்னர் கொழும்பின் குப்பையைக் கொண்டுவந்து கொட்டுவதற்கு ஆயத்தமான இடம் இதே புத்தளம் மாவட்டத்தின் அருவக்காடு. புத்தளம் மக்கள் அதனை எதிர்த்துக் குரலெழுப்பியதை நேயர்கள் அறிவர். பிறர் குப்பை தம் மண்ணுக்கு வருதல் தகாது என்று உரைக்கும் மக்கள், தம் குப்பை தம் கடலுக்குப் போதல் தகுமா என்றும் எண்ணுதல் வேண்டும்.

அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 2017 செப்ரெம்பர் முதலாந் திகதி தொடக்கம் ரெஜிபோமினாலான உணவுப் பெட்டி முதலியவை தடைசெய்யப்பட்டன. 2023 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல், கரண்டி, தட்டு, இடியப்பத் தட்டு என்பவற்றோடு, யோகட் கோப்பை நீங்கலாகப் பிளாஸ்டிக் கோப்பைகளும் தடைக்கு உட்பட்டன. தமிழ்நாட்டிலோ 2019 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த தடை, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையையும் பெயர் குறித்தே விலக்கியது. ஆயினும் சட்டம் ஒரு கோப்பையை விலக்கினால் வாணிகம் மற்றொரு கோப்பையைக் கொண்டுவரும். எறியும் பழக்கம் நிற்கும்வரை எறியும் பொருளும் நில்லாது.

அப்பழக்கத்துக்கு மாற்று யாது? தூர தேசங்களில் தேட வேண்டியதில்லை. பனையும் தென்னையும் உள்ள நாட்டில், பனையோலையைக் கோலிச் செய்யும் பிளாவிலே கூழும் கள்ளும் குடித்தனர். தேங்காய்ச் சிரட்டை அகப்பையாயிற்று, குடிகலமும் ஆயிற்று. பிளா எறியப்பட்டால் உரமாகும். சிரட்டை எறியப்பட்டால் விறகாகும். யாழ்ப்பாணத்து வீடுகளில் மூக்குப்பேணி இருந்தது. அதன் மூக்கின் வழியே நீரை வாயிலே வார்த்துக்கொள்வர். உதடு பாத்திரத்திற் படுவதில்லை. கான்சஸ் மாநிலம் சட்டம் இயற்றித் தேடிய சுகாதாரத்தை ஒரு கன்னான் பித்தளையிலே வடித்து வைத்திருந்தான். இந்தியாவில் 2004-இல், அந்நாளில் புகையிரத அமைச்சராக இருந்த லாலு பிரசாத் யாதவ் புகையிரத நிலையங்களில் மட்குவளையைப் புகுத்தினார். குயவருக்கு அது வாழ்வளிக்கும் என்பது நோக்கம். எனினும் சூளைக்கு விறகும், குவளைக்கு நல்ல களிமண்ணும் ஓயாது வேண்டியிருந்தன. மட்குவளையும் ஒருமுறை எறிவதற்கே ஆயின் முழுத் தீர்வாகாது.

இங்கே ஒரு கணக்கு உதவும். கனடாவின் விக்ரோரியாப் பல்கலைக்கழகத்து இரசாயன அறிஞர் மார்ட்டின் ஹொக்கிங் 1994-இல் இதனை வெளியிட்டார். கண்ணாடிக் குவளையை ஆக்கவும் கழுவவும் செலவாகும் சக்தியை அவர் அளந்தார். அக்குவளையை 15 முறை பயன்படுத்தினால் காகிதக் கோப்பைக்கு ஈடாகும். நுரைக் கோப்பைக்கு ஈடாக ஏறத்தாழ 390 முறை பயன்படுத்த வேண்டும். இலேசான நுரைக் கோப்பையை ஆக்கச் சிறிதளவு சக்தியே செல்வதால் இவ்வேறுபாடு. வாங்கி அலுமாரியில் அடுக்கிவைத்த குவளை எவருக்கும் நன்மை செய்யவில்லை என்பது இதனாற் பெறப்படும். தேநீர்க்கடைக் குவளையோ ஒரு நாட் காலையிலேயே பதினைந்து கைகளைக் கண்டுவிடும்; சில கிழமைகளில் முந்நூற்றுத் தொண்ணூறையும் கடந்துவிடும். அதன் பின் உடையும்வரை எல்லாம் ஆதாயமே. கோப்பை எதனால் ஆயது என்பதைக் காட்டிலும் எத்தனை முறை கைக்குத் திரும்புகிறது என்பதே முதன்மையான வினா.

கடைக்காரர் கூறும் தடைகளையும் கேட்டல் வேண்டும். “கழுவ ஆளில்லை, நீருமில்லை, வருவோரும் சுத்தமில்லை என்கின்றனர்” என்பது அவர் முறையீடு. ஒரே வாளி நீரில் நாள் முழுதும் குவளைகளைத் தோய்த்தெடுத்தால் வருவோர் முகஞ்சுளிப்பது நியாயமே. ஒரு பாத்திரத்தில் சவர்க்கார நீர், மறு பாத்திரத்தில் நன்னீர், இறுதியில் கேத்தலிலே கொதிக்கும் நீரால் ஓர் அலசல், பின்னர் கவிழ்த்து உலர்த்தல் என்ற ஒழுங்கு இருந்தால் அக்குறை நீங்கும். தேநீர்க்கடையில் கொதிநீருக்குப் பஞ்சமில்லை. குழாயைத் திறந்து விடாமற் பாத்திரத்திற் கழுவினால் நீரும் மிகுதியாகச் செல்லாது. ஒருமுறைக் கோப்பைக்கோ நாள்தோறும் காசு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். காகிதக் கூழ் ஆக்குவதற்கும் நீர் வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாத ஊரிலே செலவாகிறது, அவ்வளவே.

மற்றொன்றும் உண்டு. முன்னர் யாரோ குடித்த குவளை என்ற கூச்சம் அது. இக்கூச்சத்தில் ஒரு பங்கு நோய் அச்சம். மறு பங்கு பழைய சாதி எண்ணம். தமிழ்நாட்டுத் தேநீர்க்கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்த கொடுமையைப் பலரும் அறிவர். இலங்கையின் வடபகுதியிலும் தேநீர்க்கடையில் சமமாக அமர்ந்து குடிக்கும் உரிமைக்கு மக்கள் போராட நேர்ந்தது. 1966 ஒக்டோபர் 21-இற் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தை அடுத்து அப்போராட்டம் வலுவடைந்தது. எல்லோர்க்கும் ஒரே வகைக் குவளை என்பது அவ்வாறு அரும்பாடுபட்டுப் பெற்ற பேறு. நன்றாகக் கழுவிய பொதுக்குவளையை மனமுவந்து ஏந்துவோர் கடலுக்கு மட்டுமன்றி, மனித சமத்துவத்திற்கும் மதிப்பளிப்போராவர்.

கடைகளைப் போலவே விழாக்களையும் கருதுதல் வேண்டும். இக்குடாநாட்டின் தலவிலப் புனித அன்னம்மாள் திருத்தலத்திற்கு ஆண்டில் இருமுறை திருவிழாக் காலங்களில் மாபெருங் கூட்டம் திரளும். வெசாக் நாளில் தன்சல் உண்டு. கோயில் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் உண்டு. தாகம் தீர்ப்பது புண்ணியம். அப்புண்ணியத்தின் பின்னே கோப்பைக் குவியல் கிடப்பது பொருந்துமா? சங்கங்களும் ஆலய சபைகளும் சில நூறு உலோகக் குவளைகளைப் பொதுவில் வாங்கி வைத்து, விழாவுக்கு விழா எடுத்து வழங்கலாம். யேர்மனியின் ஃபிறைபேர்க் நகரில் 2016-இல் ஒரு யூரோ ஈட்டுப்பணம் பெற்றுக் கோப்பை கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினர். நகரின் எக்கடையிலே திருப்பிக் கொடுத்தாலும், அக்கடை அத்திட்டத்திற் சேர்ந்ததாயின், பணம் மீளும் என்பது அதன் ஏற்பாடு. விழாப் பந்தலிலும் இம்முறையைச் சிறு அளவிற் கையாளலாம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் தத்தம் குவளையைக் கொண்டு செல்லப் பழகினால், அப்பழக்கம் பிள்ளைகளோடு வீட்டுக்கும் வரும்.

கண்டக்குழியிலே நாளையும் விடியும்; படகுகள் கரை சேரும்; தேநீர் கொதிக்கும். ஐந்து நிமிடத் தேவைக்காக, மக்காத பொருளொன்றைக் கடலிடம் ஒப்படைப்பதா, அன்றி அலசிய குவளையை அடுத்தவர் கைக்கு அளிப்பதா? கடைக்காரர் கொதிநீரைத் தயங்காது செலவிடவும், வருவோர் “குவளையிலே தாருங்கள்” என்று ஒரு சொல் கூறவும் முன்வந்தால் போதும். பரதவரின் கடல் அவர்க்கு உணவளிக்கும் கடல். உண்ட வீட்டின் உலையில் எவரும் குப்பை கொட்டுவதில்லை.